மரியாதைக்கும் கெடு உண்டு

2006 ஜூலை 30. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்கிற சின்ன ஊர். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமின் விழா மேடையில் 94 வயதுக் கிழவர் ஒருவர் மைக் முன்னால் நிற்கிறார். பெயர் பக் ஓ'நீல். அன்று கௌரவிக்கப்பட்டவர்களில் 17 பேர் நீக்ரோ லீக் காலத்தையும் அதற்கு முந்தைய கறுப்பின பேஸ்பாலையும் சேர்ந்தவர்கள். அந்த 17 பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அவர்கள் சார்பில் பேசத்தான் இவர் வந்திருந்தார்.

அதே தேர்வுக்குழுவின் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. தேர்வாகவில்லை. கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் ஆட்டக்காரர், பிறகு அதன் மேலாளர், 1962இல் மேஜர் லீகின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். இவ்வளவும் போதவில்லை. ஆனாலும் வந்தார், சிரித்தார், கூட்டத்தைக் கைகோக்கச் சொல்லிப் பாட வைத்தார். அந்த அக்டோபரில் இறந்துபோனார். ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது 2022இல்.

இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. பதினாறு வருஷம் கழித்து, ஆள் போன பிறகு கொடுக்கிற மரியாதை யாருக்கு?

1939இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பழைய மட்டை, கையுறை, பந்து எல்லாவற்றையும் பாதுகாப்பது ஒன்று. சிறந்தவர்களுக்கு வெண்கலப் பலகை வைத்துக் கொண்டாடுவது இன்னொன்று. பலகை வேண்டுமென்றால் மேஜர் லீகில் 10 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1947இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே வரும்வரை, சுமார் 60 வருஷம் மேஜர் லீகின் கதவு கறுப்பர்களுக்குத் திறக்கவே இல்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு, 'நீதான் உள்ளே வந்ததே இல்லையே' என்று சொல்கிற விதி அது. நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்காக அதைத் தளர்த்தியது 1971இல்தான்.

ஜாஷ் கிப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நீக்ரோ லீகின் மாபெரும் மட்டையாளர். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்கியது அதே வருஷம் ஏப்ரலில். கிப்சனுக்குப் பலகை வந்தது 1972இல். 2024இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டபோது, .372 சராசரியோடு டை காபையும் தாண்டி அவர் முதலிடத்துக்கு வந்தார்.

பலகை, புள்ளிவிவரம் இரண்டுமே தாமதம்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அந்தக் கணக்குக்குப் பின்னால், கறுப்பர்கள் நடத்திய பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஒவ்வொரு ஆட்டத்தின் எண்களையும் பொறுக்கிச் சேர்த்தவர்களின் உழைப்பு இருக்கிறது. எப்போது கண்டுபிடித்தாலும் .372 என்பது .372தான். உண்மை ஊசிப்போகாது. மரியாதை ஊசிப்போகும். அது ஆள் இருக்கும்போதே இலையில் விழவேண்டிய பண்டம். இருக்கும்வரை கஞ்சி ஊற்றாமல் திவசத்துக்கு வடை பாயசம் செய்தால், சாப்பிடுவது யார் என்று நமக்குத் தெரியாதா?

'அப்போ கொடுக்கவே கூடாதுன்னு சொல்றியா?' இல்லை. கொடுக்கத்தான் வேண்டும், குடும்பம் இருக்கிறது, வரப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கொடுத்ததோடு கடன் தீர்ந்ததென்று எழுதிவிடக் கூடாது. 'ஓ'நீலே கசப்பில்லாமல்தானே இருந்தார்' என்பார்கள். இருந்தார். அது அவருடைய பெருந்தன்மை. அதை அடுத்தவர்கள் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

கான்சாஸ் சிட்டியில் இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1990இல் தொடங்கியது, நீக்ரோ லீகுகளுக்கானது, ஓ'நீல் முன்னின்று வளர்த்தது. உள்ளே ஒரு சிறிய மைதானமும் அதில் ஆளுயர வெண்கலச் சிலைகளும். கேட்சர் இடத்தில் கிப்சன். நுழைந்ததுமே மைதானம் கண்ணில் படும், ஆனால் போக முடியாது. நடுவே கோழிக்கூட்டுக்கு அடிப்பது மாதிரிக் கம்பிவலை. முழு வரலாற்றையும் சுற்றிப் பார்த்து முடித்த பிறகுதான் மைதானத்தில் கால் வைக்கலாம். கொண்டாட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தால் எப்படியிருக்கும் என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்ட பிறகே அது கிடைக்கிறது.

கூப்பர்ஸ்டவுனின் இரண்டு வேலைகளும் சேரவேண்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஓ'நீலின் பலகையைப் பார்க்கிறவருக்கு 2022 மட்டும் தெரிந்தால் போதாது, 2006உம் தெரியவேண்டும். கொடுத்த வருஷத்தைக் கொண்டாடட்டும், மறுத்த வருஷத்தைப் பாதுகாக்கட்டும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பிள்ளை, 'இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாளாச்சு?' என்று கேட்க வேண்டும். அப்பா கொஞ்சம் தடுமாறட்டும்.