மறுபடியும் ஆபரேஷனா?

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் இரண்டு வருடம் பாராட்டு குவியும். புடவைக் கடையில், கல்யாண வீட்டில், அலுவலக லிஃப்டில், "ஆளே மாறிட்டீங்க" என்பார்கள். எடை திரும்ப ஏறத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடும்: 'அவ்வளவு பணம் கொட்டி, வயித்தையே வெட்டி எடுத்தும் இவளால வாயைக் கட்ட முடியல.'

பெங்களூரில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு, குறைந்த எடையில் பாதிக்கு மேல் திரும்ப ஏறியவள் நான். அந்த ஸ்லீவை இரைப்பை பைபாஸாக மாற்றும் இரண்டாவது ஆபரேஷனைச் செய்துகொள்வதா என்று இப்போது முடிவெடுக்க வேண்டும். டாக்டர்கள் இதை ரிவிஷன் என்கிறார்கள். பல மாதங்களாக இதே யோசனை. என்னிடம் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருத்துவக் கேள்வி போலத்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு வாக்கியம் போவதற்குள் அது ஒழுக்கக் கேள்வியாகிவிடுகிறது. ஒருமுறை கிடைத்த வாய்ப்பைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு இன்னொன்று தேவையா என்று. சிறுநீரகக் கல் இரண்டாம் முறை வந்தவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஸ்லீவில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் வெளிவளைவு நெடுக ஏறத்தாழ முக்கால் பங்கை, சிலருக்கு அதற்கும் மேல், வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டப்படும் மேல்பகுதியில்தான். அதனால் முதல் வருடம் பசி என்பதே மறந்துபோகும். அரை இட்லியில் நெஞ்சு நிறைந்துவிடும்.

வருடங்கள் போகப் போக அந்தக் குழாய் கொஞ்சம் விரியும். பசியும் மெல்லத் திரும்பி வரும். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. வேகவைத்த முட்டை, சிக்கன், சுண்டல், நமக்கு அவசியம் என்று டயட்டீஷியன் சொல்லும் புரதம் எல்லாமே நெஞ்சில் வந்து நின்றுகொள்ளும். மென்று மென்று விழுங்கிவிட்டு, எழுந்து நாலு நடை நடந்தால்தான் இறங்கும். தயிர்சாதம், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்க்ரீம், மைசூர்பாகு எல்லாம் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலைச் சாப்பிட முடியாது. நாலு பிஸ்கட் சாப்பிடலாம்.

நான் பார்ப்பது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கணக்குவழக்கு. மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து இரவு 11 மணிக்கு முடியும் ஷிஃப்ட். அவுட்டர் ரிங் ரோட்டில் கேப் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு கையில் கொடுத்த உணவுத் தாளில் 'இரவு உணவு: 7.30' என்று இருந்தது. அந்த நேரத்தில் நான் பெல்லந்தூரில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பேன். வேலை நேரம் என்ன என்று அந்தத் தாளைத் தயாரித்தவர் கேட்கவே இல்லை. இந்த ஊரில் ராத்திரி ஷிஃப்டிலும் சாலையிலும் வாழ்நாளைக் கரைக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய எடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாய்க்கட்டு இல்லாதது ஒன்றே காரணமாகிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உடம்பு தன் பங்குக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர், எடைக் குறைப்புக்கான தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட முக்கியமானது, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் ஆற்றல், அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே இருந்தது. போட்டி முடிந்து ஆறு வருடம் ஆகியும் உடம்பு சிக்கனத்தை விடவில்லை. இவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல. ஆபரேஷன் செய்தவர்களின் நிலையை அறிய 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. இரைப்பையின் மேல் பட்டை கட்டிக்கொண்டவர்களுக்கு 20 சதவீதம் 14 ஆனது. சரி, எல்லோருக்கும் கொஞ்சமாவது ஏறுகிறது. ஆனால் அதே ஆய்வில்தான், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்பதும் 2007இல் தெரியவந்தது. ஏறிய கிலோக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

என் மனதிலிருந்த பாரத்தை இறக்கியது வேறொரு செய்தி. ஸ்லீவ் முதலில் தனி ஆபரேஷனாகவே பிறக்கவில்லை. 2000 வாக்கில் நியூயார்க்கில் மிஷெல் காக்னே என்ற சர்ஜனும் அவர் குழுவும், மிக அதிக எடை உள்ளவர்களுக்கு நீண்ட ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் இரைப்பையைக் குறைப்பது, எடை கொஞ்சம் இறங்கியதும் இரண்டாம் கட்டத்தில் குடலைத் திருப்பி இணைப்பது. முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாகக் குறைந்ததால், பலர் இரண்டாவதற்கு வரத் தேவையில்லாமல் போனது. அப்படித்தான் பாதி ஆபரேஷன் முழு ஆபரேஷன் ஆனது. இரண்டாவது முறை மேஜையில் படுப்பது அதன் பிறவியிலேயே இருந்த திட்டம். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஆபரேஷனுக்கு முன் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பாரம் இறங்கியது என்பதற்காக உடனே கையெழுத்துப் போட்டுவிட முடியாது. அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து போன் செய்து கேட்கிறார்: "ஏன்டி, திரும்ப வயித்துல கத்தி வைக்கணுமா? அந்தப் பையன் செத்ததைப் பாத்தியில்ல?" 2024 ஏப்ரலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னை பம்மலில் ஒரு மருத்துவமனைக்குப் போன புதுச்சேரி இளைஞரைச் சொல்கிறார். 26 வயது. மேஜையிலேயே நிலைமை மோசமாகி, மறுநாள் இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் முன், 2022 மே மாதம், இதே பெங்களூரில் கன்னட சீரியல் நடிகை சேதனா ராஜ் 21 வயதில் இறந்தார். அவருக்கு நடந்தது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை, இரைப்பை ஆபரேஷன் இல்லை. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசத்தை விளக்கினேன். ஆனால் அவர் பயத்தை விளக்கத்தால் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. முதல் ஆபரேஷனைவிட ரிவிஷனில் சிக்கல் அதிகம். ஏற்கெனவே வெட்டித் தைத்த இடத்தில் தழும்பும் ஒட்டலும் இருக்கும். தையல் கசியும் வாய்ப்பும் கூடும். அதோடு எடை முதல் முறை குறைந்த அளவுக்கு இந்த முறை பெரும்பாலும் குறையாது. அதிக ஆபத்து, குறைந்த பலன். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

"உன் இஷ்டம்" என்கிறார் கணவர். அது மரியாதை, எனக்குத் தேவைப்படுவது துணை என்று அவரிடமே சொன்னேன். அடுத்த கன்சல்டேஷனுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

அலுவலகத்தில் என் டீமில் இருக்கும் பிள்ளைகள், "மேடம், இப்பத்தான் ஊசி வந்திருச்சே" என்கிறார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்து, மூளையில் பசியைத் தணிக்கும் மருந்துகள். நல்ல மருந்துகள்தான், ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் தருகிறார்கள். மவுன்ஜாரோ வந்த புதிதில் மிகக் குறைந்த டோஸுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆனது. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதால் விலை இறங்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் அந்த மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியதாக 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஊசி என்றால் ஆயுசுக்கும் ஊசி என்றே கணக்குப் போட வேண்டும். எடை ஒன்றுதான் என் பிரச்சினை என்றால், ஆபரேஷன் மேஜைக்குப் போகாமல் இதைத்தான் எடுத்திருப்பேன்.

எனக்கு வேறொன்றும் இருக்கிறது. ராத்திரி 2 மணிக்குத் தொண்டையில் புளிப்பு ஏறி, மூச்சடைத்து எழுந்து உட்காருவேன். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். காலையில் குரல் கரகரத்துக் கிடக்கும். ஸ்லீவில் இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே தள்ளப்படுகிறது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டுப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸில் 7. சர்ஜன் எண்டோஸ்கோப்பி படத்தைத் திரையில் காட்டினார். உணவுக்குழாயின் அடியில் சிவந்த கோடு கோடாகப் புண். மாத்திரையை இரட்டிப்பாக்கியும் ஆறவில்லை. அதன்பிறகு பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பு வெள்ளைத் திரவம் இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி மேலே ஏறுவதை நானே பார்த்தேன். பல வருடமாக என் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்டவர்கள் நடுவே, அந்தத் திரைதான் என் குழாயைப் பற்றிய செய்தியைச் சொன்னது.

ரூ-என்-ஒய் பைபாஸில் மேலே ஒரு சிறு பை மட்டும் விட்டு, அதைக் குடலோடு நேராக இணைக்கிறார்கள். அமிலமும் பித்தநீரும் உணவுக்குழாயை எட்டுவது வெகுவாகக் குறையும். மினி பைபாஸ் செய்தால் நேரம் மிச்சமாகுமே என்று கேட்டேன். அதில் சிலருக்குப் பித்தநீர் மேலேறும் என்பதால் என் நிலைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பதிலுக்கு நான் கொடுக்க வேண்டியது: பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும், வருடந்தோறும் ரத்தப் பரிசோதனை, இனிப்பு கொஞ்சம் மீறினால் படபடத்து வியர்க்கும் தொல்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி உடல்பருமன் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க உயரத்துக்கேற்ற எடை அளவான பி.எம்.ஐ. குறைந்தது 40 இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற நோய் கூடவே இருக்க வேண்டும். உலக சர்ஜன் அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5லிருந்தே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் இடையில் கிடக்கும் எத்தனையோ பேரில் நானும் ஒருத்தி. என்னை நடுராத்திரியில் எழுப்பும் அமிலம் அந்த நோய்ப் பட்டியலில் இல்லை. கையில் இருப்பதையும் நகையையும் கணக்குப் பார்க்கிற நிலைமை. பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தத் தயக்கத்தை மருத்துவத் தயக்கமாக வைத்துக்கொள்ள முடிகிறது.

அல்சூரில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் டெய்லர் எப்போதும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார். எடை குறைந்தபோது பிடித்துக் கொடுத்தார். இப்போது தையலைப் பிரித்துக் கொடுக்கிறார். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. அளவு மாறும், துணியை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது. என் உடம்பை அந்தக் கண்ணால் பார்க்கிற டாக்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தாமதமாக என்றாலும் கிடைத்தார். எவ்வளவு எடை குறையும் என்று நான் கேட்பதற்கு முன்பே, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், புண் ஆறுவதை வைத்து முடிவெடுங்கள் என்றார்.

அப்படியே முடிவெடுத்திருக்கிறேன். செய்துகொள்ளப்போகிறேன். ஏறிய எடைக்காக மட்டும் என்றால் மாட்டேன் என்றே சொல்லியிருப்பேன். "செய்யறதுன்னா ஆடி கழியட்டும்" என்று அம்மா இறங்கி வந்திருக்கிறார். அதற்கு முன் முடிய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. காலை ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் டாக்டர் சீட்டோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி 7.30க்குச் சாப்பிட முடியாத வாழ்க்கைக்குள் புதிய வயிற்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை. மேனேஜர் பார்க்கலாம் என்றிருக்கிறார். அந்தப் பதில் வராமல் ஆபரேஷன் தேதி வாங்கப்போவதில்லை.