வழியில் வாங்கிக்கொண்டவை

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் இருந்து செட்டிநாடு வரை ரயில். குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்ட பிறகுதான் நடை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்று போகும் இந்த வழியில் நகரத்தார் காவடிகள் 400 ஆண்டுகளுக்கும் மேலாகத் தைப்பூசத்துக்குப் போய்வருகின்றன. காவடியோடு நடந்தே ஊர் திரும்பும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

விடிகாலை

வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிட வேண்டும். அதனால் கோழி கூவுவதற்குள் கூட்டம் கிளம்பிவிடும். முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிய ஒளிப்பட்டை, லாரி வெளிச்சம் படும்போது மின்னி அணையும். அதைப் பார்த்தே கால்கள் போகின்றன. யாரும் பேசுவதில்லை. ஒருவர் 'வெற்றிவேல்' என்றால், இருட்டில் பின்னால் எங்கிருந்தோ 'வீரவேல்' வரும். அந்தக் குரலுக்கு உரியவரைப் பார்த்ததே இல்லை. துணை வருகிறார் என்பது மட்டும் தெரியும்.

முற்பகல்

தார் காயத் தொடங்குகிறது. வெறுங்காலில் வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாலையோர வெள்ளைக்கோட்டுக்கு ஏறிவிடுவார்கள். வெள்ளைப் பூச்சு அவ்வளவாகச் சுடாது. அகலம் குறைவுதான். அதிலிருந்து பிசகாமல் வைக்கிற அடியில் மனசு முழுக்க நின்றுவிடுகிறது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தும் கிடைக்காத ஓர்மை, காலுக்குக் கீழே கிடைக்கிறது.

நண்பகல்

புளியமரத்தடி. ஒரு ஆச்சி ஊசியில் நூல் கோத்து வைத்திருந்தார். பாதத்துக் கொப்புளத்தின் ஒரு பக்கம் ஊசியை நுழைத்து மறுபக்கம் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரு முனையையும் நறுக்கினார். நீர் நூல் வழியே கசிந்து இறங்கியது. மேலே தேங்காய் எண்ணெய். "அசையாதீக சாமி" என்றார். தன் காலைப் பார்க்க அவருக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

மாலை

ஊர் வரும் முன்பே நீர்மோர் அண்டா தெரிகிறது. அடுத்த ஊரில் சுக்குக்காப்பி, அதற்கடுத்து சுடுகஞ்சி. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்பவர் இல்லை. சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை எல்லோரும் சாமிதான்.

நடப்பதைவிடக் கடினம் அந்த டம்ளரை வாங்குவது. காசு கொடுத்தே எல்லாம் பெற்றுப் பழகிய கை, சும்மா கிடைப்பதன் முன் கூசுகிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரை உண்டு. வழியோரத்தார் யாத்ரீகருக்குப் பழமோ காசோ கொடுத்தால் மறுக்கக் கூடாது என்பது அங்கே மரபு. கொடுக்கிறவரும் அந்த யாத்திரையில் ஒரு பங்கு பெறுகிறார் என்ற நம்பிக்கை. நத்தம் சாலையில் அது விளங்கியது. வயலையும் மாட்டையும் விட்டு வர முடியாதவர் அண்டாவருகே நிற்கிறார். அவர் மோரைக் குடித்தவர்கள் மலையேறும்போது அவரும் ஏறுகிறார். வேண்டாம் என்பது அவர் வழியை மறிப்பது.

இரவு

பள்ளிக்கூடத் திண்ணை. துணிமூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே வரிசை. ஊர்ப்பேச்சு இரண்டு வார்த்தை, உடனே உறக்கம்.

ஊர்

கோடையில் மாரெட்பள்ளித் தெருக்களில் சலிவேந்திரம் போடுவார்கள். பந்தல், ஈரத்துணி சுற்றிய மண்பானை, சொம்பு. தண்ணீர்ப் பந்தல் என்று நாம் சொல்வதுதான். முன்பெல்லாம் பையில் பாட்டில் இருக்கிறது என்று தாண்டிப் போவேன். இப்போது நின்று, கையேந்திக் குடிக்கிறேன். கால் தேய நடந்து பழனியில் வேண்டியது பல. வேண்டாமலே கிடைத்தது இந்தக் கையேந்தல். கொடுக்கிறவருக்கு முன் கூசாமல் நிற்கத் தெரிந்தவருக்கே தெய்வத்தின் முன்னும் நிற்கத் தெரியும் என்று நம்புகிறேன்.