கொல்லாமல் அறிதல்

வெளிநாட்டு அறிவியலாளரை அழைத்து, பயணப்படியும் தங்குமிடமும் தந்து, ஊர் ஊராகப் பேச வைக்கும் வழக்கம் இந்தியாவில் நெடுநாளாக உண்டு. 1938 சனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு வெள்ளி விழாவுக்குப் பிரிட்டனிலிருந்து ஒரு பெரிய குழுவே வந்தது. தலைமை தாங்கவிருந்த அணு இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு அதற்கு முந்தைய அக்டோபரில் இறந்துபோனதால் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை ஏற்றார். மரபியலுக்குப் புள்ளியியல் அடித்தளம் இட்ட ஆர்.ஏ. ஃபிஷரும் அந்தக் குழுவில் இருந்தார். இயற்பியலாளர் வந்து பேசும்போது எழாத ஒரு கேள்வி, உயிரியலாளர் வந்து பேசும்போது எழுகிறது. அணுவைப் பிளப்பதைப் பற்றி அறநூல்கள் எதுவும் சொல்லவில்லை (அணுகுண்டின் கதை வேறு). தவளையை அறுப்பதைப் பற்றியோ அவற்றுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உயிரை அறிய உயிரைக் கொன்றுதான் ஆகவேண்டுமா?

தமிழ் மரபில் இந்தக் கேள்விக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, உயிர்களை வகைப்படுத்தும் ஆர்வம். தொல்காப்பியத்தின் மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் படிநிலையில் வைக்கிறது. புல்லும் மரமும் முதற்படியில் உயிராகவே எண்ணப்படுகின்றன. மற்றது, கொல்லாமை. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. புலால் மறுத்தலுக்குத் தனியாக இன்னொன்று. சமண நூலான நீலகேசி காளிக்கு இடும் பலியைக் கண்டிப்பதில் தொடங்கி, புலால் உண்ணும் பௌத்தரோடு வாதிடுகிறது. சமணம் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தது. எந்த உயிருக்கு எத்தனை புலன் என்று தெரிந்தால்தான் எதற்கு எவ்வளவு தீங்கு நேர்கிறது என்று கணிக்க முடியும். இல்லறத்தாருக்கு ஓரறிவு உயிரின் அளவில் தவிர்க்க முடியாத ஊறு பொறுக்கப்படுகிறது. துறவிக்கு அந்தச் சலுகையும் இல்லை. வகைப்பாட்டியல் இங்கே அறத்துக்கு ஏவல் செய்தது. ஆனால் வகைப்படுத்தியவர்கள் களத்தில் இறங்கி எண்ணிப் பார்க்கவில்லை. அறம் கூர்மையாக வளர, கவனிப்பு சூத்திரத்தோடு நின்றுவிட்டது.

இந்த இடைவெளியைக் கண்டு அதையே ஓர் ஆய்வுத் திட்டமாக மாற்றியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். பரிணாமத்தைக் கணிதமாக்கிய மூவரில் ஃபிஷரோடும் சூவல் ரைட்டோடும் சேர்த்து எண்ணப்படுபவர். பல ஆண்டுகள் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1957இல் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று, மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் குடியேறினார். பேசிவிட்டுத் திரும்பிப்போக வந்தவர் அல்லர்; 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அகில இந்திய வானொலியில் அவர் ஆற்றிய சர்தார் படேல் சொற்பொழிவுகள் உயிரின் ஒருமையையும் பன்மையையும் பொருளாகக் கொண்டவை. மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே சுவர் எழுப்பாத சமயங்கள் உள்ள நாட்டில் டார்வின் அதிர்ச்சி தர வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அதில் உண்மை இருந்தாலும், அந்த அண்மை இங்கே டார்வினைப் படிக்கத் தூண்டியதாகத் தெரியவில்லை. அதிர்ச்சியடையாத சமூகம் விவாதிக்கவும் இல்லை.

1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் பறவைகளை வன்முறையின்றி ஆராய்வது பற்றி ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். பறவைகளைச் சுட்டுத் தோலைப் பதப்படுத்திச் சேர்ப்பதில் பெயர்பெற்ற கழகம் அது. பறவையியலாளர் சலீம் அலியே துப்பாக்கியோடு தொடங்கியவர்தான். அந்த இதழில் போய், துப்பாக்கி இல்லாமலும் பறவையியல் செய்யலாம் என்று எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அகிம்சை அறிவியலுக்குத் தடை என்று பலரும் நினைத்திருக்க, அதை முறையாகவே கொள்ளலாம் என்பது ஹால்டேனின் வாதம். டார்வின் தம் பிற்காலத்தில் கொடிகள் எப்படிப் பற்றி ஏறுகின்றன, மண்புழுக்கள் மண்ணை எப்படிப் புரட்டுகின்றன என்று பார்த்தார். அவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியிருக்கவில்லை. ஏழை நாட்டுக்கு அதுவே பொருந்தும் வழி.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அவருடன் பணிபுரிந்த எஸ்.கே. ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். இரவில் பூத்து விடியலில் தானே உதிரும் பூ அது, பறிக்கவும் வேண்டியதில்லை. காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.ஏ. டேவிஸ், தென்னையின் மட்டைகள் இடமாகவோ வலமாகவோ சுழன்று அடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தவர். சுழற்சியின் திசை தாய்மரத்திலிருந்து கன்றுக்கு இறங்குவதில்லை. ஆனாலும் இடச்சுழி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்த்தன. தோப்பில் நடந்துபோகும் எவரும் பார்த்திருக்கக்கூடியதை எவரும் எண்ணியிருக்கவில்லை. சுரேஷ் ஜெயகரும் ஸ்பர்வேயும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியின் கூடுகளை நாள்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். வறண்ட காலத்தில், மரமில்லாத வெட்டவெளித் தரையில் முட்டையிடும் பறவை அது. அதன் வாழ்க்கை முறையைச் செத்த பறவையின் தோல் எத்தனை சேர்த்தாலும் சொல்லாது.

இந்த வாதம் எங்கே தடுக்கிவிழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் வடிவத்தையும் நடத்தையையும் எண்ணிக்கையையும் கண்ணால் அறியலாம். குருதி ஆக்சிஜனை எப்படிச் சுமக்கிறது, நஞ்சு எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பனவற்றை மரத்தடியில் உட்கார்ந்து அறிய முடியாது. ஹால்டேன் குடும்பம் அதற்கு வேறொரு விடை வைத்திருந்தது: உன் உடம்பிலேயே செய்துபார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896இல் வெல்ஷ் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்தவர்களை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பின் வேகம் அன்று, கார்பன் மோனாக்சைடு என்று காட்டினார். அந்த வாயுவைத் தாமே சுவாசித்துக் குறிப்பெடுத்தார். மகனும் அமில உப்புகளைக் குடித்துத் தம் குருதியின் மாற்றத்தை அளந்தார். பிறர்மேல் செய்தால் இம்சை, தன்மேல் செய்தால் தவம் என்ற வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. ஆனால் அதே தந்தைதான் மனிதருக்கு முன்பாக மயங்கிவிழும் சிறு உயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லப் பரிந்துரைத்தவர். பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் 1986 வரை அந்த வேலையைச் செய்தன. மயங்கிய குருவியைப் பிழைக்கவைக்க, பிற்காலத்துக் கூண்டுகளில் சிறு ஆக்சிஜன் உருளை பொருத்தியிருந்தார்கள். குற்றவுணர்வு பொறியியல் ஆகிவிட்ட இடம் அது.

ஆக, கேள்வி தீங்கின் அளவைப் பற்றியது மட்டும் அன்று, இசைவைப் பற்றியதும்தான். ஹால்டேன் தம் உடலைக் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தார்; 1964 டிசம்பர் 1 அன்று இறந்தபின் அது அங்கே மாணவர்களின் படிப்புக்குப் போனது. மனிதன் இப்படி இசைவு தர முடியும். தவளையால் முடியாது. இந்தியச் சட்டம் இந்த இடத்தில் ஒரு நடுவழியைப் பிடித்தது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சோதனைகளைத் தடைசெய்யவில்லை, குழுவின் மேற்பார்வையில் வைத்தது. சமயச் சடங்குக்காகக் கொல்வதையும் குற்றமாக்கவில்லை. நீலகேசி ஏற்றிருக்காது. பின்னாளில் கல்லூரி விலங்கியல் வகுப்பில் அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு படிப்படியாக நிறுத்தச் சொல்லிவிட்டது. அறுவை நின்ற இடத்தில் களக் கவனிப்பு வந்திருந்தால் ஹால்டேன் மகிழ்ந்திருப்பார். பெரும்பாலும் கணினித் திரைதான் வந்தது.

இங்கேதான் பயணச் சொற்பொழிவின் குறையும் தெரிகிறது. முடிவுகளைப் பெட்டியில் வைத்து எடுத்துவரலாம். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். காத்திருந்து எண்ணும் முறையை அப்படிக் கொண்டுவர இயலாது. அது பருவம் முழுவதும் ஓரிடத்தில் இருப்பவருக்கே கைகூடும். கொல்பவருக்கு ஒரு நாள் போதும், கொல்லாதவருக்கு ஓராண்டு வேண்டும். எனவே வருகைதரும் உயிரியலாளருக்குத் தரும் நல்கை பயனுள்ளதா என்பதை அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதைக் கொண்டு அளக்கக்கூடாது. அவர் போனபின் அந்த ஊரில் யார் எண்ணத் தொடங்கினார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். சிவகாசி வட்டாரத்துக்கு இது தெரிந்த செய்தி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். கல்கத்தாக்காரர் ஒருவர் சிவகாசிக்கு வந்து ஒரு மாலை பேசிப்போயிருந்தால் அந்தத் தொழில் அங்கே வேரூன்றியிருக்காது.

அதே வட்டாரத்தில், சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் போன்ற ஊரில் இந்த முறைக்கு வேலை இருக்கிறது. வறண்ட நிலமும் வெட்டவெளியும் ஆள்காட்டிக்கு ஏற்றவை. பனையின் மட்டைச் சுழியை ஏறாமலே எண்ணலாம். வெடிச்சத்தத்துக்குப் பறவைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பட்டாசு செய்யும் இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்வி. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கொல்லாமையை ஓர் ஊரே சேர்ந்து கைக்கொண்டதற்கு அது சான்று. ஆனால் அந்தப் பட்டாசைச் செய்து பிழைப்பவர்களையும் அறத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். மருந்து கலக்கும் அறையில் ஓரறிவு உயிருக்கு நேரும் ஊறு அன்று அது. ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கத்தில் செய்ததைப்போல, யார் எதனால் இறந்தார் என்று ஒவ்வொரு வெடிப்பிலும் பிரித்தறிவதும் உயிரியலின் வேலைதான். தீக்காயமா, அதிர்வா, புகையா என்பது தெரிந்தால்தான் கதவை எங்கே வைப்பது, ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், காயம்பட்டவருக்கு முதலில் என்ன செய்வது என்பதை முடிவுசெய்ய முடியும்.