உற்சாகம் வற்றியது குற்றமா?

2021 ஏப்ரல் கடைசி வாரம். ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்று புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. முந்தைய ஆண்டுதான் அந்த அணி தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியாமல் தலைகுனிந்திருந்தது. வேறெந்த ஆண்டானாலும் இப்படியொரு எழுச்சியைத் தமிழ்நாடு கொண்டாடித் தீர்த்திருக்கும். அந்த ஆண்டு அப்படி நடக்கவில்லை. தொலைக்காட்சி ஓடியது, பார்த்தவர்களின் விரல்களோ கைப்பேசியில் ஆக்சிஜன் படுக்கை எங்கே காலி, ரெம்டெசிவிர் மருந்து யாரிடம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தன. தோனி களமிறங்கும்போது எழுந்து நிற்கிறவர்கள்கூட ஸ்கோர் என்ன என்று அடுத்தவரிடம் கேட்கக் கூசினார்கள்.

இந்தக் கூச்சத்தைச் சோர்வு என்றும் விசுவாசக் குறைவு என்றும் சொன்னவர்கள் உண்டு. மனம் தளர்ந்திருக்கும்போதுதான் விளையாட்டு அதிகம் தேவை என்ற வாதமும் பலமாக ஒலித்தது. இந்தக் கட்டுரையின் தீர்ப்பை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ரசிகரின் உற்சாகம் வற்றியது நியாயமே. அவர் மனசாட்சி வேலை செய்தது. வேலை செய்யாமல் போனது ஆட்டத்தை நடத்தியவர்களுடையது.

நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். ஏப்ரல் 9 அன்று சேப்பாக்கத்தில் காலி இருக்கைகளுக்கு முன்னால் பருவம் தொடங்கியபோதே நாட்டின் தினசரி கரோனா தொற்று ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் அது மூன்று லட்சம் ஆனது. சேப்பாக்கத்தின் கடைசி ஆட்டம் ஏப்ரல் 25 இரவு சூப்பர் ஓவர்வரை போய் முடிந்தது. அதையொட்டிய நாட்களில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் மருந்துச்சீட்டைக் கையில் பிடித்தபடி ரெம்டெசிவிருக்காக வரிசை நீண்டது. மே மாதம் கூட்டம் தாங்காமல் அந்த விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்ற வேண்டிவந்தது. விளையாட்டரங்குகளுக்கு அந்த ஆண்டு வேறு வேலை இருந்தது.

பிறகு ஆட்டங்கள் டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் போயின. டெல்லி ஏற்கெனவே ஊரடங்கில் கிடந்தது. மே 1 அன்று காலை வெளியான கணக்கில் நாட்டின் ஒருநாள் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டியது. அன்று பகலில் டெல்லி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து, அங்கேயே பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் உட்பட 12 பேர் இறந்தார்கள். அன்று மாலை அதே நகரில், லோக் நாயக் மருத்துவமனைக்குச் சிறிது தூரத்தில் இருக்கும் அருண் ஜேட்லி அரங்கில் சென்னையும் மும்பையும் மோதின. 219 ரன் இலக்கை மும்பை கடைசிப் பந்தில் எட்டியது. மும்பையின் பொல்லார்ட் 34 பந்தில் 87 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஐபிஎல் கண்ட மிகச் சிறந்த துரத்தல்களில் ஒன்று அது. அந்தத் தோல்விக்காகச் சென்னை ரசிகர் இரவெல்லாம் தூங்காமல் புலம்பியிருக்க வேண்டும். தூங்காதவர்கள் அன்று ஏராளம், காரணம் வேறு. விளக்கொளியில் பந்து பறந்துகொண்டிருக்க, அதே நகரத்தில் ஒரு சிலிண்டருக்காக மனிதர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். ஒரு நகரத்துக்குள் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்வதற்கு எந்த அறநூலில் இடம் இருக்கிறது?

தமிழ் மரபில் இடமில்லை. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்டு, உண்ணாமல் வடக்கிருந்த பெருஞ்சேரலாதனைப் பற்றிக் கழாத்தலையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். மன்னனின் துயரைக் கேட்ட நாட்டில் முழவு ஓய்கிறது, யாழ் ஓய்கிறது, உழவரின் பாட்டொலி ஓய்கிறது. சிற்றூர்களும் தங்கள் திருவிழாவை மறந்துபோகின்றன. விழாவை நிறுத்துமாறு அங்கே யாரும் ஆணையிடவில்லை, தண்டோரா போடவில்லை. துக்கம் வந்ததும் விழா தானாக மறந்துபோகிறது. கிராமங்களில் அந்தப் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை அந்தத் தெருக் கோயிலில் பூசை இல்லை. கல்யாண ஊர்வலம் சாவு வீட்டைக் கடக்கும்போது மேளக்காரர் யாரும் சொல்லாமலே வாசிப்பை நிறுத்திவிடுவார். செத்தவர் சொந்தக்காரரா, வேற்றுச் சாதியா, பகையாளியா என்று அவர் விசாரிப்பதில்லை.

வள்ளுவர் இதை இன்னும் கறாராகச் சொல்கிறார். பிற உயிரின் நோவைத் தன் நோவாக எண்ணிக் காக்காவிட்டால் பெற்ற அறிவினால் ஆகும் பயன் ஏதுமில்லை என்பது இன்னா செய்யாமை அதிகாரத்தில் அவர் கருத்து. ஒப்புரவைப் பேசும் இடத்தில், பிறரோடு ஒத்து வாழத் தெரிந்தவனையே உயிரோடிருப்பவனாகக் கணக்கில் எடுக்கிறார். மற்றவனை இறந்தவர்களோடு சேர்த்துவிடுகிறார். பொருள் சேர்ப்பதை அவர் எங்கும் பழிக்கவில்லை. ஆனால் அருளோடும் அன்போடும் சேராமல் வரும் செல்வத்தைக் கையால் தொடாமல் தள்ளிவிடச் சொல்கிறார். 2018 முதல் ஐந்து ஆண்டுகளுக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. தள்ளிவிடக் கடினமான தொகைதான். அதனால்தான் குறள் தேவைப்படுகிறது. எளிதில் தள்ளக்கூடிய காசுக்கு அறநூல் எதற்கு?

விலகி நின்றவர்களும் இருந்தார்கள். தன் குடும்பத்தார் தொற்றோடு போராடுவதைக் கண்டு டெல்லி அணியின் அஸ்வின், சேப்பாக்கத்தின் அந்தக் கடைசி ஆட்டம் முடிந்த இரவே தொடரிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஆண்ட்ரூ டை, மருத்துவமனையில் இடம் கிடைக்காமல் மக்கள் தவிக்கும்போது இவ்வளவு பணத்தைக் கிரிக்கெட்டில் கொட்டுவது எப்படி என்று கேட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் ஏப்ரல் 25 முதல் ஐபிஎல் செய்திகளை நிறுத்திவைத்தது. அதற்காக அந்த இதழைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேலியும் புதிதன்று. மணிமேகலைக் காப்பியம் இந்திர விழாவோடுதான் தொடங்குகிறது. புகார் முழுவதும் விழாக் கோலம். ஆனால் அரங்கேறி ஆட வேண்டிய மாதவி வரவில்லை, மகளையும் அனுப்பவில்லை. ஊர் பழி பேசுகிறது என்று தாய் சித்திராபதி தோழி வசந்தமாலையைத் தூது விடுகிறாள். கோவலன் கொலையுண்ட பின் அந்த அரங்கில் தனக்கு வேலை இல்லை என்று மாதவி உறுதியாக நிற்கிறாள். ஊரின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறாள் என்று அன்றைக்கு அலர் தூற்றிய கூட்டத்தில் ஒருவர் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. காப்பியத்தைப் பாடிய சாத்தனார் யார் பக்கம் நின்றார் என்பது தெரியும்.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. தொற்றோடு அறைக்குள் தனித்துக் கிடந்தவருக்கு அந்த மூன்று மணி நேரம் ஆறுதலாக இருந்திருக்கும். மைதானப் பராமரிப்பாளர், ஒளிப்பதிவுக் கருவி இயக்குபவர், உணவு சமைப்பவர் எனப் பலரின் கூலி அந்த ஆட்டங்களில் இருந்தது. ஆஸ்திரேலிய வீரர் கம்மின்ஸ் 50,000 டாலர் கொடை அறிவித்தார். ராஜஸ்தான் ராயல்ஸ் 7.5 கோடி ரூபாய் கொடுத்தது. பாராட்ட வேண்டியவை. ஆனால் ஆறுதலுக்கு நடப்பு ஆட்டமே வேண்டும் என்பதில்லை, பழைய ஆட்டங்கள் எந்நேரமும் கிடைக்கின்றன. கூலியைப் பொறுத்தவரை, உலகின் மிகப் பணக்கார கிரிக்கெட் வாரியமான இந்திய வாரியம் ஆடாமலே கொடுத்திருக்கலாம்.

இந்தப் பக்கத்தார் இலக்கியத்தையும் துணைக்கு அழைக்கலாம். ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு என்று இரண்டையும் ஒரே தெருவில் வைத்த படைப்பாளியைப் பண்பில்லாதவன் என்று ஏசிய பக்குடுக்கை நன்கணியார், முடிவில் உலகின் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியதைக் காணட்டும் என்றுதானே சொன்னார்? சொன்னார். ஆனால் ஏசிவிட்டுத்தான் சொன்னார். அடுத்த வீட்டு அழுகையைக் காதில் வாங்கிய பிறகே இனியதைத் தேடச் சொல்கிறது அந்தப் பாட்டு. மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்ற மணிமேகலைக் கதையையும் எடுத்துக்காட்டலாம். அந்தச் சோழன் தெய்வத்தின் சாபத்துக்கு உள்ளானான். கிரிக்கெட் வாரியம் அஞ்சியது எந்தத் தெய்வத்துக்கு என்பதை வாசகர் அறிவார்.

வாரியம் தன் செயலுக்கு அறத்தின் பெயரையே சூட்டியதுதான் பெரிய கொடுமை. ஏப்ரல் கடைசியில் அதன் இடைக்காலத் தலைமைச் செயல் அதிகாரி வீரர்களுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் இம்முறை வெற்றிக்காக மட்டும் ஆடவில்லை, மனிதகுலத்துக்காகவும் ஆடுகிறீர்கள் என்ற பொருளில் ஊக்கம் சொல்லப்பட்டது. பேராசையைப் பேராசை என்றே ஒப்புக்கொண்டிருந்தால் மன்னித்திருக்கலாம். அதற்குத் தியாகத்தின் உடையை மாட்டியபோது, மருத்துவமனையில் இரவு பகலாக நின்ற செவிலியரையும் மட்டையாளரையும் ஒரே தட்டில் வைத்த பாவம் சேர்ந்தது.

மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்தி, சந்தீப் வாரியர் இருவருக்கும் தொற்று உறுதியானது. மறுநாள் ஹைதராபாத்தின் விருத்திமான் சாஹாவும் டெல்லியின் அமித் மிஸ்ராவும் பட்டியலில் சேர்ந்தார்கள். சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜியும் அதற்குள் தொற்றுக்கு ஆளாகியிருந்தார். மே 4 அன்று, 29 ஆட்டங்களோடு, தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. வெளியே நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தபோது நிற்காத ஆட்டம், பாதுகாப்பு வளையத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல் வந்ததும் நின்றது.

கிரிக்கெட்டுக்கு நிற்கத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் பந்து தாக்கி இறந்தபோது ஷார்ஜாவில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் ஆடிக்கொண்டிருந்த டெஸ்டின் இரண்டாம் நாள் ஆட்டமே நிறுத்தப்பட்டது. பிரிஸ்பேனில் தொடங்க வேண்டிய இந்திய-ஆஸ்திரேலிய டெஸ்டைத் தள்ளிவைத்தார்கள். ஒளிபரப்பு, டிக்கெட், ஒப்பந்தம் எதுவும் அன்று தடையாக நிற்கவில்லை. தன் வீட்டுச் சாவுக்கு நின்ற ஆட்டம் ஊர்ச் சாவுக்கு நிற்கவில்லை என்பதுதான் 2021 மீதான குற்றச்சாட்டு. விம்பிள்டன் 2020 ஏப்ரல் 1 அன்றே, ஒரு பந்தும் அடிக்கப்படுவதற்கு முன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாக ரத்து செய்யப்பட்டது. பெருந்தொற்றுக்கும் சேர்த்து அவர்கள் காப்பீடு எடுத்து வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்யோசனை இருந்தால் அறத்தோடு நடப்பது அவ்வளவு கடினமில்லை என்றாவது அதிலிருந்து கற்கலாம்.

ரசிகருக்கும் இதில் பங்கு உண்டு. ஆளில்லாத அரங்கத்தில் பதிவு செய்த ஆரவாரத்தை ஓடவிட்டு ஆட்டம் நடத்திய காலம் அது. கைதட்டலைப் போலியாகத் தயாரிக்க முடிந்தது. பார்வையாளரைத் தயாரிக்க முடியவில்லை. வீட்டில் எத்தனை திரைகள் எரிகின்றன என்பதில்தான் விளம்பரக் காசு இருக்கிறது. ஆகவே உற்சாகம் வற்றியபோது அதை வற்றவிட்ட ரசிகர், தன்னை அறியாமல் ஒரு கடமையைச் செய்தார். மனம் ஒட்டாவிட்டாலும் பழக்கத்தால் பார்த்துக்கொண்டே இருந்தவர் அதில் பாதியைத்தான் செய்தார். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில் இந்தப் பாதிக்கும் முழுமைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. சாவுச் செய்தி வந்த நாளில் அப்பா தொலைக்காட்சியை அணைத்தார் என்பது ஒரு பிள்ளைக்கு எந்த நீதிநூலும் தராத பாடம். செப்டம்பரில் துபாயில் தொடர் மறுபடி தொடங்கி, அக்டோபர் 15 அன்று சென்னை கோப்பையை வென்றபோது மனம் திறந்து விசிலடித்தவர்களை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. துக்கத்துக்கு அதன் நாட்களைக் கொடுத்துவிட்டு வந்த மகிழ்ச்சி அது.

இது முடிந்துபோன பழங்கதை என்று எண்ணுகிறவர்கள் 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் நடந்ததைப் பார்க்கட்டும். பெங்களூரு அணியின் முதல் கோப்பையைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, சின்னசாமி அரங்கின் வாயில்களில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே பாராட்டு விழா, சுருக்கமாகவேனும், நடந்து முடிந்தது. இறந்தவர்கள் அந்த அணியின் சொந்த ரசிகர்கள். அங்கே கிருமியும் இல்லை, பல ஆயிரம் கோடி ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை.

மழை பெய்தால் எத்தனை ஓவர் குறைப்பது, இலக்கை எவ்வளவு மாற்றுவது என்பதற்கெல்லாம் கணித வல்லுநர்களை வைத்துச் சூத்திரம் எழுதிய ஆட்டம் இது. வெளிச்சம் மங்கினால் நடுவர் கருவியை எடுத்து அளக்கிறார். அரங்கம் இருக்கும் ஊரில் மருத்துவமனைப் படுக்கைகள் எந்த அளவுக்கு நிரம்பினால் ஆடக் கூடாது, அதை அறிவிக்கும் அதிகாரம் எந்தச் சுகாதாரத் துறைக்கு, ஆட்டம் நின்றால் தினக்கூலிக்காரருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதையும் எழுதி வைக்கலாம். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அடுத்த ஏலத்துக்கான ஆவணம் தயாராகும்போது அதில் இப்படியொரு பிரிவு இருக்கிறதா என்று வாரியத்திடம் கேட்கும் உரிமை, அந்தத் தொகைக்குக் காரணமான ரசிகருக்கு இருக்கிறது.