சமனில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். 18 வயது குகேஷுக்கு எதிராக ஆடிய டிங் லிரன், 55ஆவது நகர்த்தலில் யானைகளை வெட்டிக்கொள்ள முன்வந்தார். திரையோரம் இருந்த மதிப்பீட்டுப் பட்டை சட்டென்று கறுப்பின் பக்கம் சாய்ந்தது. "இதுகூடத் தெரியலையாப்பா அவருக்கு?" என்று சிரித்தான் என் மகன். பட்டை இல்லாமல் பார்த்திருந்தால் அது தவறென்று அவனுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

கணினி கிராண்ட்மாஸ்டருக்கு நிகரா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் ப்ளூ காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. 2005இல் லண்டனில் மைக்கேல் ஆடம்ஸ் ஹைட்ராவிடம் ஆறு ஆட்டங்களில் அரைப் புள்ளிதான் எடுத்தார். 2006இல் பான் நகரில், உலக சாம்பியன் கிராம்னிக் அடுத்த நகர்த்தலிலேயே வரவிருந்த மேட்டைக் கவனிக்காமல் டீப் ஃபிரிட்ஸிடம் தோற்றார். கணினிக்குப் பயமில்லை, உள்ளுணர்வில்லை, ஆகவே அது ஆடுவது செஸ்ஸே அல்ல என்று சிலர் சொல்வதுண்டு. தோற்றவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதலாகவே எனக்கு அது படுகிறது. ஆட்டத்தில் பலம் என்பது பலகையில் தெரிவதுதான்.

ஆனால் 1997 போட்டியின் இரண்டாவது ஆட்டம் வேறொன்றையும் சொல்கிறது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரத்தின் முன், நெருக்கடியான நிலையில், காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். அந்த நிலை தோல்வி அல்ல என்பதை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். ராணியை உள்ளே செலுத்தித் தொடர்ந்து செக் கொடுத்திருந்தால் ஆட்டம் சமன். டீப் ப்ளூ கடைசி நகர்த்தல்களில் தவறிழைத்து அந்த வழியைத் திறந்துவிட்டிருந்தது. அவ்வளவு எளிய தப்பிக்கும் வழியை இயந்திரம் விட்டுவைக்காது என்று நம்பியதால் காஸ்பரோவ் அதைத் தேடவே இல்லை. அந்த அரைப் புள்ளியை அவரிடமிருந்து பறித்தது கணினியின் பலம் அல்ல. அதன் பலத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை.

இந்தக் கதையை நான் என் தொழிலில் நேரில் கண்டிருக்கிறேன். கடன் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றை ஓர் அலுவலகத்தில் நிறுவினோம். 20 ஆண்டு அனுபவமுள்ள அலுவலர் ஒருவர், தன் கணிப்பில் தகுதியான ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரித்துக் கையெழுத்திட்டார். ஏன் என்றேன். சிஸ்டத்துக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்றார். அந்த சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கு என்னென்ன தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்காமல் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை இயந்திரம் சரியாகச் சொல்லும்போது அதன் சொல்படி நடப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொண்ணூற்றொன்பது முறை அது சரியாக இருப்பதால்தான் நூறாவது முறை நாம் பலகையைப் பார்ப்பதே இல்லை. அந்த நூறாவது பிழைக்கான விலையை இயந்திரம் கொடுப்பதில்லை. கையெழுத்திட்டவரும், வாய் மூடி நின்றவரும்கூடக் கொடுப்பதில்லை. பெயர் தெரியாத யாரோ ஒருவர் கொடுக்கிறார். நம்மைவிடப் பலமான ஒன்றிடம் யோசனை கேட்பதில் இழுக்கில்லை. ஆனால் பொறுப்பையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போக நமக்கு உரிமை இல்லை.

குகேஷின் தொடக்ககாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரை செஸ் மென்பொருளின் பக்கமே போகவிடவில்லை. முதலில் தானே பார்த்து, தானே கணித்து, தானே தவறு செய்யப் பழக வேண்டும் என்பதுதான் அதன் பொருளாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் மகனோடு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் திரையோரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுகிறேன். "நீ என்ன ஆடுவே?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் தவறாகவே சொல்கிறான். நானும் அப்படித்தான். ஆனால் டிங் லிரனைப் பார்த்து அவன் இப்போது சிரிப்பதில்லை.