காணாத பிணைப்பு

"அத்தை மகனைக் கட்டினது பாவமா, சாமி?" என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். மருத்துவ அறிக்கையொன்றை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவருடைய மகனுக்கு அப்போது ஆறு வயது. பிறந்த நாள் தொட்டே அவன் தோலில் கொப்புளங்கள். சட்டை உரசினாலே நீர் கோத்துக்கொள்ளும். அறிக்கையிலிருந்த ஒரு சொல் நமக்கு முற்றிலும் புதியது: பிளெக்டின். தாயின் வினாவுக்கு விடை நமக்குத் தெரியும். "இல்லையம்மா" என்றோம். ஆனால் அவர் கேளாத இன்னொரு வினா அன்றுமுதல் நம்மைப் பின்தொடர்கிறது. அதற்கு வருமுன் அந்தப் புதிய சொல்லைச் சற்று விளக்கியாக வேண்டும்.

உயிரணு என்றதும் நீர் நிரம்பிய ஒரு சிறு பையையே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பள்ளியில் நாம் வரைந்த படம் அப்படி. உண்மையில் அதனுள் ஒரு சட்டகம் உண்டு. 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள், 10 நானோமீட்டர் அளவுள்ள இடைநிலை இழைகள், 25 நானோமீட்டர் அகலமுள்ள நுண்குழல்கள் என அது மூவகைப்படும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஆக்டின் உயிரணுவை நகரச் செய்கிறது. நுண்குழல் சரக்கு செல்லும் பாதையாகிறது. இடைநிலை இழை இழுவையைத் தாங்குகிறது. தனித்தனியே இவை எத்துணை உறுதியாயினும், ஒன்றோடொன்று கட்டப்படாவிடில் அது சட்டகமன்று; கழியும் கயிறும் சேர்ந்த ஒரு குவியல்தான்.

கட்டுவதற்கென்றே சில பெரும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பிளெக்டின். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கெர்ஹார்ட் விஹே என்னும் அறிஞரின் குழுவினர் அதை இனங்கண்டு, வலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினர். 4,500-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. நடுவே தண்டும் இருபுறமும் குமிழுமாக ஏறத்தாழ 200 நானோமீட்டர் நீளம். ஒரு முனை ஆக்டினைப் பற்றும். மறுமுனை இடைநிலை இழையைப் பற்றும். தோலின் அடியடுக்கிலோ, உயிரணுவைக் கீழுள்ள தளத்தோடு பிணைக்கும் நங்கூரங்களில் அந்த இழைகளைக் கட்டிவைப்பதும் இதுவே. தசையிலும் இதற்கு வேலை உண்டு.

இப்பிடி பிடிவாதமான பிடியன்று என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் பிளெக்டின்மீது ஒரு பாஸ்பேட் வந்து ஒட்ட, அது இடைநிலை இழைகளின்மீதுள்ள பற்றைத் தளர்த்துகிறது. காயம் ஆறுகையில் தோலணுக்கள் நகர்ந்து வந்து இடத்தை மூட வேண்டும். அப்போது நங்கூரப் பிணைப்பும் தளர்ந்தாக வேண்டும். விடவேண்டிய நேரத்தில் விடுகிறது. மனிதராகிய நமக்கு இது அத்துணை எளிதாக வருவதில்லை.

இதன் அருமை, அது இல்லாதவர்களிடமிருந்தே தெரியவந்தது. பிறந்தவுடன் தோலில் கொப்புளமும், வயது ஏற ஏறத் தசைத் தளர்ச்சியும் காணும் ஓர் அரிய நோய் பிளெக்டின் குறையால் வருவது என்பதை 1996-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டில், பிளெக்டின் அறவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தனர். அவை கருவில் வளர்ந்து பிறக்கத்தான் செய்தன. தோல் கொப்புளித்து இரண்டு மூன்று நாள்களில் மாண்டன.

இந்நோய்க்குரிய மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரு படிகளாக உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றது போதும். பழுதைச் சுமப்பவர் நலமாகவே வாழ்வார், தம்மிடம் அது இருப்பதையும் அறியார். தாய் தந்தை இருவருமே சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் போன்றோர் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கை முன்னோரிடமிருந்து பொதுவாகப் பெற்றவர்கள். ஆதலின் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணந்தோருள் மிகப் பலர்க்கு நலமான பிள்ளைகள் பிறக்கின்றனர். அந்நியரை மணந்தோர்க்கும் இந்நோய்ப் பிள்ளைகள் பிறப்பதுண்டு. இதைச் சொல்லாமல் விடுவது அநீதி.

இனி நம் வினா. அறியாமை எல்லாம் ஒன்றல்ல என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் பகுத்துக் காட்டினார். முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. அறியக் கூடியதும் அறிய வேண்டியதுமானதை அறியாதிருத்தல் வேறு. குருமடத்தில் இதை எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்தப் பெற்றோரின் அறியாமை முதல் வகையைச் சேர்ந்தது. அதில் நமக்கு ஐயமில்லை. நம்முடையது எந்த வகை?

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி இத்தகைய உறவில் மணம் முடிக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அவர்களுக்காக அந்த விண்ணப்பத்தை எழுதியவர்கள் நாமே. பெண்ணின் வயதைக் கேட்டோம். இருவரின் சம்மதத்தையும் தனித்தனியே கேட்டோம். 'சொந்தம் விட்டுப் போகக்கூடாது' என்று பெரியவர்கள் சொன்னதை நல்ல நடையில் திருத்தி எழுதினோம். சொந்த மணத்தில் நோய் வரலாம் என்பதை அதற்கு முன்பே எத்தனையோ இதழ்களில் படித்திருந்தோம். ஆயினும், 'உங்கள் குடும்பத்தில் குழந்தைகள் நோயால் இறந்ததுண்டா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடுதான் அறிந்தோம்: இருவர்க்கும் பொதுவான பாட்டி பெற்ற இரு சிசுக்கள் தோல் உரிந்து இறந்தனவாம். அம்மை என்று எண்ணி அடக்கம் செய்தார்களாம். பாட்டியும் தாத்தாவும்கூட முறை உறவினரே. அது இதே நோய்தானா என இன்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் பாட்டி திண்ணையில்தான் அமர்ந்திருந்தார். நாம் அவர் தந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

'நாம் மருத்துவர்களா?' என்று உடன்பணியாளர் ஒருவர் நம்மைத் தேற்றினார். அச்சட்டம் மருத்துவத்துக்காகத் தோன்றியதன்று என்பதும் மெய்யே. எனினும் அந்தத் தேறுதல் நமக்கு ஒட்டவில்லை. இதனினும் கடினமான தடை ஒன்றுண்டு: முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது, அச்சிறுவன் பிறந்திருக்க வேண்டாம் என்பதாகிவிடுமோ? ஆகாது என்றே நம்புகிறோம். மணமாகுமுன் இருவருக்கு உண்மையைச் சொல்வது ஒன்று; பிறந்துவிட்ட பிள்ளையை எடைபோடுவது முற்றிலும் வேறு. ஆனால் அவன் தாயின்முன் நின்று இந்த வேறுபாட்டை விளக்க நமக்கு நாவெழாது.

இப்போதெல்லாம் விண்ணப்பம் எழுதுமுன் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். மரபணு ஆலோசனை பெறுமாறும் சொல்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டனர்.

சென்ற ஆண்டு அந்தத் தாயைக் காணச் சென்றோம். அன்று பாட்டியிடம் கேளாமல் வந்த நம் தவற்றை மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. மகனின் பள்ளிச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். தையல் விளிம்பு தோலில் படாதிருக்க அவனுக்கு அப்படித்தான் அணிவிப்பார். "கேட்டிருந்தா மட்டும் நாங்க சொல்லியிருப்போமா, சாமி?" என்றார். பிறகு மகனை அழைத்து, சுவரைப் பிடித்தபடி வந்தவனின் கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் நுழைத்தார்.