மரத்தின் மேல் ஒரு மனிதன்

மறைந்திருந்து கொல்வது தர்மமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. பட்டிமன்ற மேடைகளில் வாலியைத் திரும்பத் திரும்பக் கொன்று பேர் வாங்கியவர்கள் அநேகம் பேர். நானும் பள்ளிக்கூட நாட்களில் வாலியின் கட்சியில் பேசி ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன். கேள்வி அந்த டம்ளரோடு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அது மறுபடியும் எதிரே வந்து நின்றது. கையில் கயிறும் தராசுமாக நின்றது என்று சொல்ல வேண்டும்.

அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். அறுபது வயதை ஒட்டியவர். செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு மாலை, அவர் தம் வீட்டுப் பின்புறத்தில் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு கயிறு, கொக்கி, பட்டை, பலகை என்று ஒவ்வொன்றாக நிறுத்துத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். பொன் நிறுக்கும் ஆசாரிகூட அத்தனை கவலையோடு நிறுத்து நான் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். அந்த மாநிலத்தில் அக்டோபர் 1-ம் தேதி வில்லால் மான் வேட்டையாடும் பருவம் ஆரம்பமாகிறது. துப்பாக்கிக்கு நவம்பர் 15 வரை பொறுத்திருக்க வேண்டும். அவர் வில்காரர். மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்காகக் காத்திருப்பவர். அந்த ஏறும் சாமான்களில் எங்கே இரண்டு அவுன்சு குறைக்கலாம் என்றுதான் அத்தனை ஆராய்ச்சி!

முன்பெல்லாம் மரத்தில் பலகைத் துண்டுகளை ஆணியடித்து ஏறுவார்களாம். பிறகு மரத்தில் முறுக்கி ஏற்றும் இரும்புப் படிகள் வந்தன. மரத்துக்குக் கெடுதல் என்று பல மாநிலங்களின் பொதுக் காடுகளில் இரண்டுக்கும் தடை. அப்புறம், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மனிதனோடு சேர்ந்து மேலே நகரும் இருக்கைகள் வந்தன. அவை இருபது ராத்தலுக்கும் மேல் கனம். கிளையில்லாமல் நேராக வளர்ந்த மரத்தில்தான் செல்லும். இப்போது அவரிடம் இருப்பவை எல்லாம் சேர்த்துப் பத்து ராத்தல்கூட இல்லை. இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் தூளி ஒன்று. சேணம் என்று அவர்கள் பாஷையில் பேர். மரத்தைச் சுற்றிப் போடும் கயிறு ஒன்று. காலடி வைக்க ஒரு முழ நீள ஏணித் துண்டு. உச்சியில் நிற்க, நம் வீட்டு மணையில் பாதி அளவுக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அவர் ஏறிக் காட்டினார். ஏணித் துண்டை மரத்தில் பட்டையால் இறுக்கி, அதன் மேல் ஏறி நின்று, கயிற்றை உயரே தள்ளிப் போட்டு அதில் தொங்குகிறார். தொங்கியபடியே குனிந்து ஏணியை அவிழ்த்து, தலைக்கு நேராக மறுபடி கட்டி, அதில் ஏறுகிறார். இப்படி நாலு தடவை செய்தால் பதினெட்டு அடி உயரம் வந்துவிடுகிறது. கயிற்றில் ஒரு முடிச்சு. பாரம் தொங்கும்போது கவ்விப் பிடிக்கும், பாரம் நீங்கினால் நகரும். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் எழுதி வெளியிட்டது. இன்றும் அவர் பேரால்தான் அதை அழைக்கிறார்கள். எனக்கோ உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளின் ஞாபகம் வந்தது. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், மார்பு மரத்தோடு உரச அவர்கள் தினமும் எத்தனை மரம் ஏறி இறங்குகிறார்கள்! இதைச் சொன்னேன். மனிதர் இறங்கி வந்து, அந்தத் தளைநாரை எதில் முடைவார்கள், என்ன கனம் இருக்கும் என்று கால்மணி நேரம் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்.

மரத்தில் ஏற வேண்டிய அவசியம் என்ன? மானின் காதும் மூக்கும் நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. தலையின் இரு பக்கத்திலும் இருக்கும் கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துக்கொண்டே மேய்கிறது. ஆனால் ஓநாய் தரையில்தான் வரும். ஆகவே ஆபத்தைத் தரை மட்டத்தில் தேடியே அதற்குப் பழக்கம். மேலே அதிகம் பார்ப்பதில்லை. மனித வாடையும் உயரத்தில் ஓரளவு காற்றோடு தாண்டிப் போய்விடுகிறது.

"அப்படியானால் இது ஏமாற்றுத்தானே? அது பார்க்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதில் என்ன வீரம் இருக்கிறது?" என்று கேட்டேன். டம்ளர் வாங்கிய நாக்கு சும்மா இருக்குமா?

அவருக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதில் தாமும் அப்படித்தான் நினைத்துத் தரையிலேயே வேட்டையாடியதாகச் சொன்னார். ஒரு நாள் மிரண்டு ஓடும் பெண் மான் ஒன்றின் மேல் அம்பு எய்தாராம். பின்தொடையில் பாய்ந்தது. இரண்டு நாள் காடு முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை. "அது எத்தனை நாள் உயிரோடு கிடந்ததோ, எனக்குத் தெரியாது. அதற்கப்புறம்தான் மரத்தில் ஏறினேன். மேலே இருந்தால் அது பயமில்லாமல் நிற்கும். இருபது கஜத்துக்குள் வரும். நுரையீரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து எய்யலாம். தப்பினால் அம்பு மண்ணில்தான் போய்க் குத்தும்" என்றார். சரியாகப் பட்டால் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடுமாம். பட்டதும் துரத்தாமல் அரைமணி நேரம் மரத்திலேயே காத்திருக்க வேண்டும். துரத்தினால் அந்தக் கடைசி ஓட்டம் நீளும். இருபது கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை அவர் தொடுவதில்லை. இது சட்டமல்ல, அவரே போட்டுக்கொண்ட கோடு.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் கேள்வி வேட்டைக்காரனின் வீரத்தைப் பற்றியது. அவர் பதில் மானின் வலியைப் பற்றியது. இரண்டும் ஒன்றென்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் போலும்!

அந்த நாட்டிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரர். மிருகத்துக்குத் தப்பிக்க வழி வைத்து வேட்டையாடுவதே கௌரவம் என்ற கொள்கையை வளர்த்த பூன் அண்டு கிராக்கெட் சங்கத்தை 1887-ல் நிறுவியவர். 1902-ல் மிசிசிப்பி காட்டில் அவருக்கென்று ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டிப் போட்டதைச் சுடமாட்டேன் என்று ஜனாதிபதி மறுத்துவிட்டார். அதைக் கேலிச் சித்திரமாகப் போட்டார்கள். அதிலிருந்து குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் 'டெடி' கரடி பொம்மை பிறந்தது. பொம்மைக் கடையில் சொல்லாத மிச்சம் ஒன்று இருக்கிறது. அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியின் வேதனையைத் தீர்த்துவிடச் சொன்னதும் அவர்தான். கத்தியால் முடித்தார்கள். ஜனாதிபதியின் மானம் பிழைத்தது, கரடி பிழைக்கவில்லை.

நியாயமான போட்டி என்பது, போட்டிக்குச் சம்மதித்த இருவருக்குள் இருக்கும் ஏற்பாடு. மான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது? வால்மீகியின் ராமன் வாலிக்குச் சொல்லும் சமாதானங்களில் ஒன்று, மனிதர் மிருகங்களை மறைந்து நின்றும் வலை வைத்தும் கொல்வது உண்டு, நீ குரங்குதானே என்பது. பள்ளிக்கூடத்தில் இந்த இடத்தைத்தான் நான் கிழி கிழி என்று கிழித்தேன். இன்று யோசித்தால், அந்தப் பதிலுக்குள்ளேயே ஓர் ஒப்புதல் தெரிகிறது. எதிரி நமக்குச் சமமானவனாக இருந்தால் மறைவது குற்றம் என்றல்லவா அது ஏற்றுக்கொள்கிறது? வாலி பேசினான், சண்டைக்கு வந்தான், நியாயம் கேட்டான். அவனிடம் மறைந்தது உறுத்தத்தான் செய்யும். நியாயம் கேட்கத் தெரியாத பிராணிக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன் வேறு. எதிரே போய் நின்று மார்தட்டுவதால் அது அடைபடாது.

இப்படிச் சொன்னதும் நான் வேட்டையின் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடிபடாமல் நெருடியது அந்தத் தராசு. இருக்கை கனமாக இருந்தவரை மனிதன் சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போவான். தோதான மரத்தில் மட்டும்தான் ஏறுவான். நிரந்தரமாகக் கட்டிய பரண்களை மான்களும் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போகுமாம். வளைந்த மரம், சதுப்பு நிலத்து மரம், இரண்டு மைல் உள்ளே இருக்கும் மரம் எல்லாம் அவற்றுக்கு மிச்சம் இருந்தன. இருபது ராத்தல் கனம் ஒரு வேலியாக இருந்தது. வேலி போட்டோம் என்று யாருக்கும் தெரியாது, எடுத்தபோதும் தெரியாது. ஆல்டோ லியோபோல்ட் என்ற வனவியல் அறிஞர், தாமே வில் செய்து வேட்டையாடியவர், அவர் காலமான மறு வருஷம் 1949-ல் வெளிவந்த புத்தகத்தில் வேட்டைக்காரர்களின் சாமான் மோகத்தைக் கண்டித்திருக்கிறார். வேட்டைக்காரனைக் கைதட்டவோ கண்டிக்கவோ அங்கே கூட்டம் கிடையாது என்பதும் அவர் கவலை. என் பஸ்காரர் இருபது கஜக் கோட்டைத் தாண்டினால் யாருக்குத் தெரியப் போகிறது?

எங்கள் தாத்தாவுக்குக் கனத்தைப் பற்றிய கவலையே இருந்ததில்லை. அவர் ஒரு ஜமீனில் கணக்குப் பார்த்தவர். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் ஜமீன்தார் என்ற பட்டம் ஊர் வாயிலிருந்து ஒழியவில்லை. வேட்டையும் சில காலம் ஒழியவில்லை. பாபநாசத்து மலைச்சரிவில் சிறுத்தைக்குப் பரண் கட்டிய கதையைத் தாத்தா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பரணில் மெத்தை, தலையணை, வெற்றிலைச் செல்லம், ஒரு கூஜாவில் காப்பி. ஜமீன்தாருக்குக் கால் மரத்துப்போனால் பிடித்துவிட ஓர் ஆள். கீழே ஓர் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும். மரத்தில் தனியாக விட்டால் ஆடு கத்தும். கத்தினால்தான் சிறுத்தை வரும். இதெல்லாம் யார் தலையில் ஏறி மலைக்குப் போயிற்று என்று கதையில் வராது. சிறுத்தை விழுந்தது, ஜமீன்தார் போட்டோ எடுத்துக்கொண்டார் என்பதோடு கதை முடியும். "ஆட்டுக்குட்டி என்ன ஆச்சு தாத்தா?" என்று ஒரு தடவை கேட்டேன். தாத்தா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தப் பரண்களுக்கெல்லாம் முடிவு கட்டியது.

அவுன்சு அவுன்சாக நிறுக்கிற மனிதர் எல்லாவற்றையும் தம் முதுகிலேயே சுமக்கிறவர். விழுந்த மானையும் அவரேதான் இழுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை. கடையில் ஆட்டுக்கறி வாங்கும்போது, தோலுரித்துத் தொங்குவதைப் பார்க்காமல் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவன் நான்.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர் என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். தூளியை இறுக்கி, முடிச்சைத் தாமே இரண்டு தடவை சரிபார்த்து, அக்கா வீட்டு எல்லையில் நின்ற மேப்பிள் மரத்தில் என்னை ஏற்றிவிட்டார். பன்னிரண்டு அடிக்கு மேல் எனக்குத் துணிச்சல் இல்லை. இலைகள் சிவந்திருந்தனவே தவிர உதிரவில்லை. "சத்தம் போடாமல் பத்து நிமிஷம் இருந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

முதலில் கால் நடுங்கிற்று. பிறகு அடங்கியது. ஓர் அணில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஏறி, என்னையும் ஒரு கிளையாக நினைத்து அப்பால் போயிற்று. அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்குமுன் உள்ளே எடுத்து வைக்க வந்தவள், அதைத் தூக்காமல் அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக என் எதிரே சிரித்துக்கொண்டே வளைய வந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பக்கமும் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். மேலே பார்க்கவில்லை.

"அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெரிந்துவிடும். கயிற்றைப் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியை எடுத்து உள்ளே போகும்வரை இருந்தேன். இறங்கி வந்ததும், "எங்கேடா போயிருந்தே? காப்பி ஆறுகிறது" என்றாள். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.